ஆஸ்பத்திரியிலேயே நல்ல காற்று

தலைநகர் லிமாவிலிருந்து காற்றை அளக்க ஆள் வருகிறது என்று சொன்னபோது நெரிதா சுங்கா முதலில் நம்பவில்லை. அவளுடைய அறையில் நெடியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் எரிந்துபோய் எத்தனையோ ஆஸ்பத்திரி இயக்குநர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். கடைசியாக வந்த டாக்டர் அராஸ்குவே மட்டும் தலையாட்டியதோடு நிற்காமல், பால் டின் ஒழுங்காக வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். மருந்து நெடியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பால் கொடுத்தால் விஷம் முறிந்துவிடும் என்பது அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. பெயின்ட் அடிப்பவனுக்கும் பால், எக்ஸ்ரே எடுப்பவனுக்கும் பால், பிணவறைக்காரனுக்கும் பால். எக்ஸாஸ்டுக்கு மோட்டார் வாங்குவதைவிடப் பால் மலிவு என்பதை யாரும் வெளியே சொல்வதில்லை.

நெரிதாவின் அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் டீசல் ஜெனரேட்டருக்கும் நடுவே இருந்தது. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதையெல்லாம் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஜாடியில் மிதந்தபடி அங்கேதான் வந்து சேரும். யாரோ ஒருத்தியின் மார்புக் கட்டி, யாரோ ஒருவனின் குடல் துண்டு. அவற்றை நறுக்கி, ஆல்கஹாலில் போட்டு, சைலீன் என்ற கரைப்பானில் போட்டு, மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. நுண்ணோக்கியில் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்கிற டாக்டர் மேல்மாடியில் இருந்தார். அவர் சொல்வதற்காக ஊரில் பல வீடுகளில் பல பேர் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். அதனால்தான் நெரிதா ஒருநாளும் வேலையை நிறுத்திச் சண்டை போட்டதில்லை. நிறுத்தினால் தண்டனை இயக்குநருக்கா போகும்? காத்திருக்கிறவனுக்குத்தானே.

அந்த அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் உண்டு. இருந்தும் பிரயோஜனமில்லை. திறந்தால் நெடி முற்றத்துக்குப் போகும். முற்றத்தில் பிரசவ வார்டுக்காரர்களின் சொந்தபந்தம் உட்கார்ந்திருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு புகார் கொடுப்பார்கள். ஆகவே ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. மீன்பிடி காலத்தில் உத்தரவே தேவையில்லை. கடற்கரையோரம் மீன்மாவு ஆலைகள் நெத்திலியை வேகவைக்கத் தொடங்கினால் ஊரே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். கொடியில் காய்கிற துணியும் நாறும், தலையணையும் நாறும். வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்தினால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்த நாற்றத்தில்தான் பாதி ஊருக்குச் சம்பளம்.

உள்ளே ஃபார்மலின், வெளியே மீன்மாவு. இரண்டுக்கும் நடுவில் நெரிதாவின் மூக்கு எப்போதோ வேலையை ராஜினாமா செய்துவிட்டது. வீட்டில் ஒருநாள் சோறு தீய்ந்து அடுப்படியே புகைந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தங்கை போட்ட கூச்சலில்தான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு போனது போகட்டும், மாடிப்படி ஏறினால் மூச்சும் இப்போது நெஞ்சுக்குழியில் நின்றுவிடுகிறது. இருமல் தொடங்கினால் பிடித்துக்கொள்ள நாற்காலி வேண்டும். மீதி இருக்கிற நுரையீரலோடு ஓய்வுபெற வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. அதற்கு ஒரு எக்ஸாஸ்ட் வேண்டும்.

இப்போது அளக்க வருகிறவர்கள் எல்லா அறைகளிலும் சின்னக் குழாய்களைத் தொங்கவிட்டு, காற்றில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். எந்த அறை ஆக மோசமோ அதற்கு நல்ல எக்ஸாஸ்ட் ஒன்று, கூரைக்கு மேல்வரை குழாய் வைத்து, அமைச்சகமே மாட்டிக் கொடுக்குமாம். ஒன்றே ஒன்றுதான். ஊழியர் கூட்டத்தில் டாக்டர் அராஸ்குவே இதை அறிவித்தபோது எல்லோரும் திரும்பி நெரிதாவைத்தான் பார்த்தார்கள். எக்ஸ்ரே அறைக்காரன் முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னான். இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம், அளக்கிற குழாயே பேசிக்கொள்ளும் என்று நெரிதா நினைத்தாள்.

ஆனால் லிமாவிலிருந்து ஆள் வந்தால் அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, எப்போதும் நடப்பதுதான். அமைச்சர் வந்தாலும் சரி, அமைச்சரின் டிரைவர் வந்தாலும் சரி, சுவருக்குப் பெயின்ட், தரைக்கு மெழுகு. அந்த வாரம் முழுக்கத் துப்புரவுக்காரர் தோன் செகுண்டோ முட்டி தேயத் தேய வேலை பார்த்தார். இயக்குநரின் கூட்ட அறைக்கு எண்ணெய் பெயின்ட் இரண்டு கோட். அங்கே மரத்தரை, ஆகவே மண்ணெண்ணெயில் கரைத்த சிவப்பு மெழுகு. தாழ்வாரமெல்லாம் பைன் வாசனை திரவம், அதற்கு மேல் லாவெண்டர், லாவெண்டருக்கு மேல் குளோரின். ஒரு நர்ஸுக்குத் தலைசுற்றியது. சுத்தம் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று தலைமை நர்ஸ் அவளுக்குப் புரியவைத்தாள். ஆபரேஷன்களைக்கூட ஒத்திவைத்தார்கள், விருந்தாளி வரும்போது ரத்தமும் கையுமாக இருக்கக் கூடாதாம்.

நெரிதா இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். அளக்க வருவது காற்றை, இவர்கள் தரையை மினுக்கிக்கொண்டிருக்கிறார்களே என்று தோன் செகுண்டோவிடம் சொன்னாள். அவரும் சிரித்தார். "செனோரா, எனக்குத் தெரியாதா? ஆனா அழுக்குத் தரையில அவங்க நடந்தாங்கன்னா திட்டு யாருக்கு விழும், டாக்டருக்கா?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவரைப் பார்த்துச் சிரித்தவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

அளக்க வரும் நாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து கதவைத் திறந்தாள். விருந்தாளியின் கண்ணோடு தன் அறையைப் பார்த்தாள். மேஜையில் சைலீன் கிண்ணங்கள் திறந்து கிடந்தன. மூலையில் கழிவு ஃபார்மலின் டிரம், மேலே பாசி பிடித்தாற்போல் ஒரு படலம். அலமாரி நிறைய பழைய ஜாடிகள், சிலவற்றுக்கு மூடி கூடச் சரியில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படித்த ஆள் ஒருவர் தலைநகரத்திலிருந்து வந்து இந்தக் குப்பைக்குள் கால் வைப்பாரா? வந்து மூக்கைப் பொத்திக்கொண்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? நெரிதாவின் வீட்டில் பால்காரன் எட்டிப்பார்த்தால்கூட முன்னறையைப் பெருக்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். அது உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை, ரத்தத்தோடு வந்தது.

கொஞ்சம் ஒதுங்க வைப்போம் என்றுதான் ஆரம்பித்தாள். சைலீன் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஜாடிகளை வண்டியில் ஏற்றிப் பின்னாலிருந்த ஷெட்டுக்குள் தள்ளினாள். டிரம்மை உருட்டத் தோன் செகுண்டோ கைகொடுத்தார். ஆபரேஷன் இல்லாததால் அன்றைக்கு நறுக்க எதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம், ஆலைகள் தூங்கின, கடல்காற்று சுத்தமாக வந்தது. ஜன்னலை இரண்டு பக்கமும் அகலத் திறந்தாள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், உடனே பழையபடி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

வந்தது இஞ்சினியர் தவாரா என்ற சின்ன வயதுப் பெண். கொண்டை போட்டு, நல்ல ஷூ போட்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினாள். மேஜைக்கு மேலே கம்பியில் குழாயைத் தொங்கவிட்டாள். மறுநாள் காலைவரை அது அங்கேயே தொங்க வேண்டும் என்றாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இந்த மாதிரி ரூமை நான் எந்த ஆஸ்பத்திரியிலயும் பார்த்ததில்ல, செனோரா. எப்பவும் இப்படித்தான் வச்சிருப்பீங்களா?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. அது நெரிதாவின் தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த அறையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் காதில் விழுந்து எத்தனை காலமாயிற்று. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது.

"எப்பவும் இப்படித்தான்" என்றாள்.

சொன்ன பிறகு எந்த முகத்தோடு டிரம்மை உள்ளே உருட்டுவது? இஞ்சினியர் பெண் தாழ்வாரத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நெரிதாவும் சிரித்தாள். ஜன்னலைச் சாத்தலாமென்று எழுந்து போனவள், பார்த்துக்கொண்டிருக்கும்போது சாத்தினால் என்ன நினைப்பாளோ என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் அந்தப் பெண் போனதும் பழையபடி வைத்துவிடலாம் என்று பார்த்தால், அவள் காவலாளியை அங்கே நிறுத்தி, எதையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். குழாய் ராத்திரி முழுக்கக் கடல்காற்றைக் குடித்தது.

முடிவு வந்தபோது ஊரில் மீன்பிடி காலம் தொடங்கியிருந்தது. டாக்டர் அராஸ்குவே மறுபடி எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தார். ஆஸ்பத்திரியிலேயே மோசமான காற்று இயக்குநரின் கூட்ட அறையில். புது பெயின்ட், மெழுகு, மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்து அளவு எங்கோ போயிருந்தது. அடுத்தது பைன் வாசனைத் தாழ்வாரம். ஆக நல்ல காற்று நெரிதாவின் சதைப் பரிசோதனை அறையில், முற்றத்தைவிடக்கூட அங்கே சுத்தமாம். எக்ஸ்ரே அறைக்காரன் சிரிக்க ஆரம்பித்தான், அது தொற்றிக்கொண்டது. நெரிதா சிரிக்கவில்லை. அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பாராட்டினார், அதில் கிண்டல்கூட இல்லை.

அடுத்த வாரம் அவளுக்குப் பால் டின் வரவில்லை. சுத்தமான அறையில் வேலை செய்பவளுக்குப் பால் எதற்கு என்று ஸ்டோர்காரர் கேட்டாராம். கேள்வி நியாயமானதுதான், என்ன சொல்ல.

அவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். மாடியேறி மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் கதவோரம் நின்றாள். உள்ளே கூட்ட அறையில் லிமாவிலிருந்து வந்த ஆட்கள் எக்ஸாஸ்டைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பளபளக்கும் தகரக் கூண்டு, நீள மேஜைக்கு நேர் மேலே. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பசிக்கிறவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் அராஸ்குவே கெட்டவர் இல்லை. குழந்தை வைத்தியராக இருந்து, வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் இயக்குநர் ஆனவர். ஒழுகும் கூரையும் வராத மருந்தும் அவரைத் தின்றுகொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவள் சொல்லத் தொடங்கினாள்.

"அந்த அளவு தப்பு டாக்டர். அன்னைக்கு நான் ஜன்னலத் திறந்து வச்சுட்டேன். ஜாடி, டிரம்மு எல்லாம் ஷெட்டுல கிடந்துச்சு. ரூம்ல ஒண்ணுமே இல்ல."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"வர்றவங்க முகம் சுளிச்சிருவாங்களேன்னு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். "நான் மட்டும் என்ன பண்ணினேன், நெரிதா? பெயின்ட் அடிச்சேன். இப்பப் போயி உங்க அளவு பொய்னு சொன்னா, என் அளவும் பொய்னு ஆயிரும். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு இந்த மிஷினையும் கழட்டிட்டுப் போயிருவாங்க. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இருக்கிறது இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது தயவுசெஞ்சு எதையும் துடைக்காதீங்க."

அடுத்த தடவை எப்போது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவள்மேல் தப்பு இருந்தது, அவர்மேலும் இருந்தது, இரண்டு தப்பும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றன. இதில் யாரை நோவது?

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நெரிதா வழக்கம்போல இருமிக்கொண்டே ஓய்வுபெற்றிருப்பாள். ஆனால் இயக்குநரின் எழுத்தர் யாயிராவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் மேஜை கூட்ட அறையை ஒட்டியே இருந்தது. பெயின்ட் நெடியில் அந்தப் பெண் தினமும் வாந்தி எடுத்தாள். எக்ஸாஸ்ட் மாட்டுகிறேன் என்று சுவரை வேறு இடித்து, அதற்கும் ஒரு கோட் அடித்திருந்தார்கள். டாக்டர் இளகிய மனசுக்காரர், பொறுக்கவில்லை. பிரசவம்வரை அவளை நல்ல காற்றுள்ள இடத்தில் உட்காரவைக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே நல்ல காற்றுள்ள இடம் எது என்பதில் சந்தேகமே இல்லையே, காகிதமே இருக்கிறது.

நெரிதாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆபரேஷன் அதிகம். மேஜை முழுக்க ஜாடிகள் திறந்திருந்தன, சைலீன் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. வெளியே மீன்மாவுப் புகை, ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. அவள் ஒரு கர்ப்பப்பையை நறுக்கிக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு யாயிரா வந்தாள். ஒரு கையில் சின்ன மேஜை விசிறி, மறு கையில் சாப்பாட்டுப் பை, முன்னால் வயிறு. பின்னால் தோன் செகுண்டோ அவள் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

"டாக்டர் இங்க உட்காரச் சொன்னாரு..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

நெரிதா அந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்போடு வந்த முகம் சட்டென்று மூடிக்கொண்டது. கண் இரண்டிலும் பொலபொலவென்று நீர் கொட்டியது. விசிறியைக் கீழே போட்ட கை மூக்குக்குப் போகவில்லை, நேராக வயிற்றுக்குப் போனது. வயிற்றைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறக்கப் பயந்து, கதவு எங்கே என்று தேடினாள். இருபது வருஷமாக எந்தக் கண்ணாடியும் நெரிதாவுக்குக் காட்டாத ஒன்றை அந்தப் பெண்ணின் முகம் காட்டியது. தான் தினமும் எதற்குள் உட்கார்ந்து, எதற்குள் ரொட்டி தின்று, எதற்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கு போனபோது நாற்றமே போய்விட்டது என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தாள்.

கத்தியை வைத்துவிட்டு யாயிராவைத் தோளோடு அணைத்து வெளியே கொண்டுபோனாள். முற்றத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள். மீன்மாவு நாற்றம் அடித்தது. அதுவே யாயிராவுக்குப் பன்னீர் தெளித்ததுபோல் இருந்திருக்க வேண்டும், அப்படி இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். தோன் செகுண்டோ வாசலில் விற்கிற சூடான மூலிகைக் கஷாயம் ஒரு தம்ளர் வாங்கி வந்து கொடுத்தார்.

"அக்கா, அதுக்குள்ளயா நாள் பூரா இருக்கீங்க?" என்று கேட்டாள் யாயிரா.

நெரிதா எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கு போனது, ஜன்னலைத் திறந்தது, எப்பவும் இப்படித்தான் என்று சொன்னது, இயக்குநர் சொன்ன பதில். சொல்லச் சொல்லத் தன்மேலேயே ஒரு சலிப்பு வந்தது. "என் பவுசுக்கு நான் அனுபவிக்கிறேன். போகட்டும். ஆனா அந்தப் பொய் உன் வயித்துக்குள்ள போயிருக்குமே, மகளே. நீ கதவோட நின்னதுனால தப்பிச்ச. எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது" என்றாள்.

யாயிரா கஷாயத்தைக் குடித்து முடித்தாள். அவள் ஏழைக் குடும்பத்துப் பெண், எளிதில் பயப்படுகிறவள், இயக்குநர் கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பதில் சொல்வாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பைக்குள் கையைவிட்டு ஒரு சாவியை எடுத்தாள். கூட்ட அறைச் சாவி.

"மிஷினை இங்க கொண்டுவர முடியாதுல்ல, அக்கா?"

"சுவரோட சேத்து மாட்டியிருக்கானுங்க. எங்க கழட்டுறது?"

"அப்ப ஜாடியெல்லாம் மேல நடந்து வருமே" என்றாள் யாயிரா.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி முழுசாக விழிக்கும் முன்பே, நெரிதா ஜாடிகளைச் சாப்பாட்டு வண்டியில் ஏற்றினாள். லிஃப்ட் வேலை செய்வதில்லை. சரிவுப்பாதையில் தோன் செகுண்டோ தள்ளினார், நெரிதா பக்கத்தில் ஜாடிகளைப் பிடித்துக்கொண்டே வந்தாள், வளைவுக்கு வளைவு நின்று இருமினாள். ஆத்திரமோ வீறாப்போ எதுவும் அவளிடம் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். பாதி வழியில் தோன் செகுண்டோ, இன்றைக்கு மாவட்டச் சுகாதாரக் குழு கூட்டத்துக்கு வருகிறது, மேஜையை நேற்றுத்தான் மெழுகு போட்டுத் துடைத்தேன் என்று நினைவுபடுத்தினார். "சேதி தெரியும்" என்றாள் நெரிதா. அவர் வண்டியைத் தள்ளினார்.

நீள மேஜையில் பிளாஸ்டிக் விரித்தாள். பலகை, கத்தி, இடுக்கி, கிண்ணங்கள். கூண்டுக்கு அடியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். எக்ஸாஸ்ட் மெதுவாக முனகி, பிறகு சீராக இழுக்க ஆரம்பித்தது. தலைமுடி லேசாக மேலே பறந்தது. முதல் ஜாடியைத் திறந்து நேற்று பாதியில் விட்ட கர்ப்பப்பையை எடுத்தாள். அதை முடித்து, பித்தப்பை ஒன்றை முடித்து, மார்புக் கட்டி ஒன்றை நறுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. கண்ணைத் துடைக்கவே இல்லை. புறங்கையால் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொள்வது தன் சுபாவம் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வீட்டில்கூடக் கேலி செய்வார்கள். சுபாவமாவது மண்ணாவது. அவளுக்கு அழவேண்டும் போல் இருந்தது, ஆனால் வேலை கிடந்தது.

டாக்டர் அராஸ்குவே மாவட்டக் குழுவோடு வந்தார். ஐந்தாறு பேர், கையில் காப்பிக் கோப்பைகள். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவருடைய மினுங்கும் மேஜையில் யாருடைய மார்போ கிடந்தது. பின்னால் நின்ற ஒரு சீமாட்டி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே இறக்கினாள்.

"நெரிதா, இங்க கூட்டம் இருக்கு" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில்.

"தெரியும் டாக்டர். இங்க காத்து மோசம்னு காகிதத்துல இருக்கு. கீழ என் ரூம்ல நல்ல காத்து. உங்க கூட்டத்தை அங்க வச்சுக்கோங்க, நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

அவள் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் செய்கிற அளவுக்கு மூச்சும் இல்லை. மாவட்டக் குழுக்காரர் ஒருவர், கீழேயே போகலாமே, நல்ல காற்றென்றால் நல்லதுதானே என்றார் அப்பாவியாக. டாக்டர் அராஸ்குவே அவரைப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்தில் தன் மேஜையருகே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற யாயிராவைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. முன்தினம் நடந்தது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது, அவர் காதுக்கும் போயிருக்கும். நெரிதா கத்தியோடு காத்திருந்தாள். அவர் படியிறங்கப் போகிறாரா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அவர் ஒரு எட்டுக்கூட வைக்கவில்லை.

"கூட்டத்தை நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நெரிதா அடுத்த ஜாடியைத் திறந்தாள்.

"நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன், டாக்டர்."